குளிர்ந்த காலையில் வண்டிக்கு ஒரு சூடான மூச்சு

மைசூரில் குடியிருக்கும் தமிழர்கள் சொந்த ஊருக்குப் போக வேண்டுமென்றால் பெரும்பாலும் ஒரு மலையைத் தாண்டித்தான் ஆக வேண்டும். ஈரோடு, கோயம்புத்தூர் பக்கத்துக்காரர்கள் சாமராஜநகர் வழியாகப் போய், திம்பத்தில் 27 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்குவார்கள். நீலகிரியில் உறவு உள்ளவர்கள் குண்டலுப்பேட்டை, பந்திப்பூர், கூடலூர் வழியாக ஊட்டிக்கு ஏறுவார்கள். பந்திப்பூர்க் காட்டுச் சாலை 2009 முதல் இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணி வரை பொதுப் போக்குவரத்துக்கு மூடப்படுகிறது. அதனால் விடிவதற்கு முன்பே கிளம்பி, கேட் திறக்கும் நேரத்துக்கு அங்கே போய் வரிசையில் நிற்பது நம்மவர்களுக்குப் பழகிப்போன காரியம்.

அந்த நேரத்தில் காற்று குளிர்ந்திருக்கும். மூடுபனியும் ஈரமும் நிறைந்திருக்கும். பழைய வண்டிகள் இடக்குப் பண்ணுவதும் அப்போதுதான். இன்று பெரும்பாலான வீடுகளில் புதிய வண்டிகள் வந்துவிட்டன என்றாலும், அப்பா வாங்கிய அம்பாசடரையோ, பத்மினியையோ, கார்புரேட்டர் போட்ட மாருதி 800-ஐயோ விற்க மனம் வராமல் வைத்துப் பராமரிக்கும் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. அத்தகைய வண்டிகளுக்குச் சூடான காற்றை ஊட்டும் ஓர் எளிய குழாய் அமைப்பை வீட்டிலேயே செய்துகொள்ள முடியும். அது ஏன் தேவைப்படுகிறது, எப்படிச் செய்வது, எங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். புதிய வண்டி வைத்திருப்பவர்களுக்கும் இதில் ஓர் எச்சரிக்கை உண்டு.

எஞ்சின் குடிக்கும் காற்று

வண்டி பெட்ரோலில் ஓடுகிறது என்று சொல்கிறோம். உண்மையில் அது பெட்ரோலைவிடப் பல மடங்கு காற்றை விழுங்குகிறது. ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோலின் எடை முக்கால் கிலோதான். அதற்குச் சுமார் 11 கிலோ காற்று தேவை. கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 770 மீட்டர் உயரத்தில் இருக்கும் நம் மைசூரில், அந்தக் காற்றின் கன அளவு சுமார் 10,000 லிட்டர். ஒரு லிட்டர் பெட்ரோலுக்குப் பத்தாயிரம் லிட்டர் காற்று! ஆகவே அந்தக் காற்று குளிர்ந்ததா, சூடானதா, ஈரமானதா என்பது வண்டியின் உடல்நிலையைத் தீர்மானிப்பதில் வியப்பில்லை.

காற்று குளிர்ந்திருந்தால் அடர்த்தி கூடும். ஒவ்வொரு இழுப்பிலும் அதிக எடையுள்ள காற்று உள்ளே போகும். வண்டிக்கு வலுவும் கூடும். 20 டிகிரி செல்சியஸில் இருக்கும் காற்றை 50 டிகிரிக்குச் சூடாக்கினால் அதன் அடர்த்தி சுமார் 9 விழுக்காடு குறைந்துவிடும். அதனால்தான் பந்தயக் கார்களில் எங்கிருந்தாவது குளிர்ந்த காற்றைக் கொண்டுவரப் படாத பாடு படுகிறார்கள். அப்படியானால் நாம் எதற்கு வேண்டுமென்றே சூடான காற்றைக் கொடுக்க வேண்டும்? அதற்கு விடை கார்புரேட்டரின் தொண்டைக்குள் இருக்கிறது.

இருபது டிகிரியில் ஐஸ் கட்டுமா?

கோடையில் மண்பானைத் தண்ணீர் ஏன் குளிர்ந்திருக்கிறது? பானையின் மேற்பரப்பில் கசியும் நீர் ஆவியாகும்போது, அதற்கு வேண்டிய வெப்பத்தைப் பானையிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. கார்புரேட்டரிலும் இதே கதைதான். குறுகிய தொண்டை வழியாகக் காற்று வேகமாகப் பாயும்போது பெட்ரோல் தூறலாகத் தெளிக்கப்பட்டு ஆவியாகிறது. அதற்கான வெப்பத்தைக் காற்றிலிருந்தும் கார்புரேட்டரின் உலோகத்திலிருந்தும் உறிஞ்சுகிறது. பெட்ரோல் முழுவதும் அங்கேயே ஆவியாவதாக வைத்துக் கணக்குப் போட்டால், கலவையின் வெப்பநிலை சுமார் 20 டிகிரி குறைய வேண்டும். த்ராட்டில் தட்டு பாதி மூடியிருக்கும்போது, அதைத் தாண்டும் காற்று விரிவதால் இன்னும் கொஞ்சம் குளிர்கிறது.

இப்போது மைசூரின் காலநிலையை நினைத்துப் பாருங்கள். ஜூலை, ஆகஸ்டு மாத விடியற்காலையில் இங்கே வெப்பநிலை 20 டிகிரியை ஒட்டி இருக்கும். மழை பெய்து ஓய்ந்த காற்றில் ஈரம் நிறைந்திருக்கும். இருபதிலிருந்து இருபதைக் கழித்தால் மிச்சம் பூச்சியம். காற்றிலுள்ள ஈரம் கார்புரேட்டரின் தொண்டையில் உறைபனியாகப் படியத் தொடங்கும். வெளியே நாம் ஸ்வெட்டர்கூடப் போடவில்லை. உள்ளே வண்டிக்கு இமயமலைக் குளிர்! ஐஸ் படியப் படியக் காற்று வழி சுருங்கும். கலவை மாறும். ஐட்லிங் தடுமாறும். கடைசியில் வண்டி நின்றே போகும்.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. காஷ்மீரத்துக் கடுங்குளிரைவிட நம் ஊர் போன்ற மிதமான குளிரும் ஈரமும்தான் இந்தக் கோளாறுக்குத் தோதானவை. கடுங்குளிரில் காற்று வறண்டு போவதால் உறைவதற்கு ஈரம் இருக்காது. சிறு விமானங்களை ஓட்டுகிறவர்களுக்கு இது பாலபாடம். கார்புரேட்டர் உள்ள விமானங்களில், தரையிறங்குவதற்காக எஞ்சின் வேகத்தைக் குறைக்கும் முன் சூடான காற்றைத் திறந்துவிடும் கைப்பிடியை இழுப்பார்கள். வெளியே 20 டிகிரிக்கு மேல் இருந்தாலும் எச்சரிக்கையாக இருக்கும்படி அவர்களுக்குக் கற்றுக்கொடுக்கிறார்கள்.

மலையிறக்கத்தில் நாமும் அதே நிலையில்தான் இருக்கிறோம். ஊட்டியிலிருந்து இறங்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு கியரில் வருகிறோம். த்ராட்டில் மூடியிருக்கிறது; எஞ்சின் சூடும் குறைகிறது; சுற்றிலும் ஈரமான மூடுபனி. கியரில் இருக்கும் வரை சக்கரங்கள் எஞ்சினைச் சுழற்றிக்கொண்டிருக்கும். வளைவில் கியர் மாற்ற கிளட்சை மிதித்த அந்த நொடியில் எஞ்சின் அணைந்துவிட்டால், வாக்குவம் உதவியுடன் வேலை செய்யும் பிரேக்கில் ஓரிரு மிதிக்கு மட்டுமே மிச்ச பலம் இருக்கும். அதன்பிறகு கல்லை மிதிப்பது போல மிதிக்க வேண்டும். குழந்தை குட்டிகளோடு போகும் வண்டியில் இது விளையாட்டு விஷயமா?

நோயை எப்படிக் கண்டுபிடிப்பது?

என்னிடம் 1990-களில் வந்த ஒரு கார்புரேட்டர் கார் இருக்கிறது. மழைக்கால விடியலில் முதல் உதையிலேயே ஸ்டார்ட் ஆகும். நாலைந்து கிலோமீட்டர் போனதும் இருமும், திணறும், சிக்னலில் நிற்கும்போது அணைந்துவிடும். பத்து நிமிஷம் ஓரங்கட்டி நிறுத்தினால் ஒன்றுமே நடக்காதது போல மறுபடி ஓடும். மெக்கானிக்கிடம் பத்து மணிக்குக் கொண்டுபோய் நிறுத்தும்போது வண்டி சமர்த்தாக இருக்கும்.

மைசூர் யாதவகிரியில் 1961-ல் உற்பத்தி தொடங்கி 1996-ல் மூடப்பட்ட ஐடியல் ஜாவா மோட்டார் சைக்கிள் தொழிற்சாலையில் வேலை பார்த்த ஒரு மெக்கானிக் எனக்குப் பழக்கம். கார்புரேட்டரைக் காதாலேயே கேட்டுச் சரிசெய்யக் கூடியவர். அவர் சொன்னார்: "சார், பாயிண்ட் பாத்தாச்சு, ஜெட் ஊதியாச்சு, பம்ப்பும் நல்லாத்தான் இருக்கு. வண்டியில ஒண்ணும் கெடையாது. காலையில அது நிக்கிறப்ப, உடனே பானட்டைத் திறந்து கார்புரேட்டரைத் தொட்டுப் பாருங்க."

அப்படியே செய்தேன். சுற்றிலும் எஞ்சின் கொதிக்க, கார்புரேட்டரின் வெளிப்புறம் மட்டும் ஐஸ் தண்ணீர் ஊற்றிய சொம்பு போலக் குளிர்ந்து வேர்த்திருந்தது. வடிகட்டியின் மூடியைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தால், தொண்டையில் வெள்ளையாகப் பொருக்கு. அதுதான் ஐஸ். எஞ்சின் நின்றபிறகு அதன் சூடு மேலேறி ஐஸை உருக்கிவிடுவதால்தான் பத்து நிமிஷத்தில் வண்டி தானாகக் குணமானது. நோயாளி டாக்டரிடம் போய்ச் சேர்வதற்குள் காய்ச்சல் இறங்கிவிடும் கதைதான்.

இந்த நான்கு அடையாளங்களும் சேர்ந்திருந்தால் மட்டுமே இது ஐஸ் கோளாறு என்று கொள்ளுங்கள். ஒன்று, ஸ்டார்ட் ஆவதில் தொல்லை இருக்காது. சற்று ஓடியபிறகே தொல்லை வரும். இரண்டு, ஈரமான குளிர்ந்த வேளைகளில் மட்டும் வரும்; உச்சிவெயிலில் வராது. மூன்று, சற்று நேரம் நிறுத்தினால் தானே சரியாகும். நான்கு, கார்புரேட்டரின் உடம்பு வேர்த்திருக்கும்.

இதற்கு நேர்மாறான கோளாறு ஒன்று உண்டு. ஏப்ரல், மே வெயிலில் மலையேறும்போது பெட்ரோல் குழாயிலோ பம்ப்பிலோ பெட்ரோல் கொதித்து ஆவிக் குமிழி அடைத்துக்கொள்ளும். அப்போதும் வண்டி நிற்கும், ஆறவிட்டால் ஓடும். பார்ப்பதற்கு ஒன்றுபோல இருந்தாலும், அந்த நோய்க்குச் சூடான காற்றைக் கொடுத்தால் நிலைமை மோசமாகும். ஆகவே நோயறிந்து மருந்து கொடுங்கள்.

இது புதிய வித்தையா?

இல்லவே இல்லை. 1908-ல் வெளிவந்த ஃபோர்டு மாடல் டி காரிலேயே, புகைபோக்கி மேனிஃபோல்டைத் தழுவி வரும் சூடான காற்றைக் கார்புரேட்டருக்குக் கொண்டுசெல்லும் தகரக் குழாய் இருந்தது. வோக்ஸ்வாகன் பீட்டிலின் காற்று வடிகட்டியில் சூடான காற்றுக்கென்று தனிக் குழாயும் மடக்குத் தட்டும் வைத்தார்கள். பின்னாளில் மேலைநாட்டுக் கார்களில் மெழுகு அல்லது இரட்டை உலோகத் தகடு கொண்ட தெர்மோஸ்டாட், குளிருக்கும் வெயிலுக்கும் ஏற்பத் தானே வழியை மாற்றிக்கொண்டது. நம் நாட்டில் 1983 டிசம்பரில் வந்த மாருதி 800-ன் கார்புரேட்டர் மாடல்களிலும், காற்று வடிகட்டிப் பெட்டியில் கோடை, குளிர் என்று மாற்றிக்கொள்ளும் ஏற்பாடு இருந்தது. பல பழைய வண்டிகளில் அந்தக் குழாய் கிழிந்து எப்போதோ குப்பைக்குப் போயிருக்கும். 'அது எதற்கு, இல்லாமலே ஓடுகிறதே' என்று விட்டிருப்பார்கள். நாம் செய்யப் போவது தொலைந்துபோன அந்த உறுப்பைத் திரும்பப் பொருத்துவதுதான்.

செய்முறை

முதலில் சூடு எங்கே கிடைக்கும்? ரேடியேட்டர் தண்ணீர் சூடாகப் பல நிமிடங்கள் பிடிக்கும். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டோ ஓரிரு நிமிடத்திலேயே கொதிக்கத் தொடங்கிவிடும். ஆகவே அதைச் சுற்றி ஒரு தகட்டு உறை போட்டு, அந்த இடைவெளியில் சூடாகும் காற்றை எடுத்துக்கொள்கிறோம். புகை ஒரு துளிகூட இதில் கலக்கக் கூடாது. நாம் எடுப்பது மேனிஃபோல்டின் வெளிப்புறத்தை உரசிப்போகும் சுத்தமான காற்று மட்டுமே. மேனிஃபோல்டில் விரிசலோ, கேஸ்கெட்டில் கசிவோ இருந்தால் அதைச் சரிசெய்த பிறகே மேலே போக வேண்டும்.

உறைக்கு மெல்லிய ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகடு நல்லது. கால்வனைஸ் செய்த தகடு வேண்டாம். அந்தச் சூட்டில் துத்தநாகப் பூச்சு உரிந்து தூளாகிவிடும். மேனிஃபோல்டின் மேல்புறத்தை மூடினாற்போல, ஒரு விரல் பருமன் இடைவெளி விட்டுத் தகட்டை வளைத்து, இருக்கும் போல்ட்டுகளிலேயே பொருத்தலாம். கீழ்ப்புறம் காற்று நுழையத் திறந்திருக்க வேண்டும். உறையின் ஒரு மூலையில் சுமார் 2 அங்குல விட்டமுள்ள வாய் ஒன்றை வைத்து, வெல்டிங் பட்டறையில் பற்றவைத்துக்கொள்ளுங்கள்.

அந்த வாயிலிருந்து காற்று வடிகட்டியின் மூக்கு வரை நெளிநெளியான அலுமினியக் குழாய் ஒன்றைக் கிளிப் போட்டு இறுக்க வேண்டும். பிளாஸ்டிக் குழாய் உருகி விடும்; அதை நினைக்கவே வேண்டாம். குழாய் எப்போதும் வடிகட்டிக்கு முன்னால்தான் சேர வேண்டும். வடிகட்டியைத் தாண்டிச் சேர்த்தால் தூசியும் துருவும் நேரே எஞ்சினுக்குள் போய் சிலிண்டரைத் தேய்த்துவிடும்.

இப்போது முக்கியமான உறுப்பு: இருவழித் தட்டு. வடிகட்டியின் மூக்கில் T வடிவ இணைப்பு ஒன்றை வைத்து, ஒரு வாயில் வெளிக்காற்றும் மறு வாயில் சூடான காற்றும் வரும்படி செய்து, நடுவில் ஒரு மடக்குத் தட்டு பொருத்துங்கள். பழைய சோக் கேபிள் ஒன்றை டாஷ்போர்டு வரை இழுத்துக்கொண்டால் உட்கார்ந்த இடத்திலிருந்தே மாற்றலாம். இந்தத் தட்டு இல்லாமல் நிரந்தரமாகச் சூடான காற்றை மட்டும் கொடுப்பது, காய்ச்சல் போனபிறகும் கஷாயம் குடிப்பது போன்றது.

வடிகட்டிப் பெட்டியில் ஒரு சாதாரண டிஜிட்டல் தெர்மாமீட்டரின் கம்பியைச் செருகிப் பாருங்கள். 35-லிருந்து 45 டிகிரி வரை இருந்தால் போதுமானது. அதற்கு மேல் ஏறினால் வெளிக்காற்றைச் சற்றுத் திறந்துவிட வேண்டும்.

பாதுகாப்பு

இந்த வேலையில் கஞ்சத்தனம் காட்டக் கூடாத இடம் நெருப்பு. பெட்ரோல் குழாய், பிரேக் குழாய், மின்வயர் ஆகியவற்றிலிருந்து உறையும் சூடான குழாயும் குறைந்தது ஒரு சாண் தள்ளி இருக்கட்டும். இடம் போதாவிட்டால் இந்த வேலையையே கைவிடுங்கள். பழைய ரப்பர் பெட்ரோல் குழாய்களை இந்தச் சாக்கில் மாற்றிவிடுவது நல்லது. வடிகட்டியின் மூடி இல்லாமல் வண்டியை ஓட்டக் கூடாது. கார்புரேட்டர் வழியாகத் திருப்பி வெடிக்கும் சுவாலையைத் தடுத்து நிறுத்துவது அந்த மூடிதான். பொருத்திய பிறகு முதல் 50 கிலோமீட்டரில் இரண்டு முறை நிறுத்தி, கிளிப்புகள் தளர்ந்திருக்கின்றனவா, எங்காவது கருகிய வாடை வருகிறதா என்று பாருங்கள். ஒரு சிறு தீயணைப்பு சிலிண்டர் வண்டியில் இருப்பது எப்போதும் நலம்.

மைலேஜ் கூடுமா?

எல்லோரும் கேட்கும் கேள்வி இது. 'சூடான காற்று கொடுத்தால் லிட்டருக்கு ஐந்து கிலோமீட்டர் கூடும்' என்று சொல்பவர்கள் உண்டு. இதன் பின்னால் ஓர் உண்மை இருக்கிறது. காற்று லேசாக இருந்தால் அதே வேகத்துக்கு ஆக்சிலரேட்டரைச் சற்று அதிகம் மிதிக்க வேண்டும். த்ராட்டில் அதிகம் திறப்பதால், அடைத்த மூக்கில் மூச்சிழுப்பது போன்ற உறிஞ்சும் சிரமம் எஞ்சினுக்குச் சற்றுக் குறையும். பெட்ரோலும் நன்றாக ஆவியாகும். ஆனால் கார்புரேட்டர் காற்றின் எடையை அளப்பதில்லை. அதன் பாய்ச்சலை வைத்தே பெட்ரோலை விடுகிறது. லேசான காற்றுக்கும் பெட்ரோலை அந்த அளவுக்குக் குறைக்காது. ஆகவே கலவையில் பெட்ரோல் மிகுந்து, புகை கூடி, கிடைத்த லாபம் கரைந்துவிடும்.

நீங்களே சோதிக்க விரும்பினால் ஒழுங்காகச் சோதியுங்கள். ஒரே பங்க், ஒரே பம்ப், ஒரே பாதை. ஒரு டாங்க் சூடான காற்றில், அடுத்த டாங்க் வெளிக்காற்றில் என்று மாற்றி மாற்றிக் குறைந்தது நான்கு முறை ஓட்டிக் கணக்கு எழுதுங்கள். ஒரே ஒரு முறை பார்த்துவிட்டு முடிவு கட்டாதீர்கள். டயர் காற்றும் டிராஃபிக்கும் அதைவிடப் பெரிய வித்தியாசம் காட்டும். என் வண்டியில் காலைத் திணறல் அடியோடு நின்றது. மைலேஜில் சொல்லிக்கொள்ளும்படியாக ஒன்றும் மாறவில்லை. நான் பட்ட செலவுக்குத் திணறல் நின்றதே போதும்.

பெட்ரோலும் மாறிவிட்டது

இன்று இந்த விஷயத்தைத் திரும்பப் பேசுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில் பெங்களூருவில் நடந்த விழாவில் அறிமுகமாகி, 2025-க்குள் நாடெங்கும் பரவிவிட்டது. எத்தனால் ஆவியாக, பெட்ரோலைப் போல ஏறத்தாழ இரண்டரை மடங்கு வெப்பம் வேண்டும். முன்பு போட்ட அதே கணக்கைப் போட்டால், 20 டிகிரிக் குளிர்ச்சி இப்போது 30-ஐ நெருங்கும். போதாததற்கு எத்தனால் பழைய ரப்பர்க் குழாய்களையும் வாஷர்களையும் பதம் பார்க்கும். ஆகவே பழைய வண்டிக்காரர்கள் ரப்பர் உறுப்புகளை மாற்றுவதோடு, கார்புரேட்டரின் குளிரையும் கவனத்தில் வைக்க வேண்டிய காலம் இது.

புதிய வண்டிக்காரர்களுக்கு

2000-ஐ ஒட்டி நம் நாட்டுக் கார்களில் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்ஷன் முறை பரவியது. அதில் பெட்ரோல் தெளிக்கப்படுவது எஞ்சினின் சூடான வால்வுக்குப் பக்கத்தில். சில புதிய எஞ்சின்களில் நேரே சிலிண்டருக்குள். குளிர்ந்து உறைய அங்கே கார்புரேட்டர் தொண்டையே கிடையாது. காற்றின் வெப்பத்தை ஒரு சென்சார் அளந்து கம்ப்யூட்டருக்குச் சொல்கிறது. அந்த வண்டிகளில் இப்படிக் குழாய் போட்டால், கம்ப்யூட்டர் எஞ்சினைக் காப்பாற்றத் தீப்பொறியின் நேரத்தைப் பின்தள்ளும், இழுவை குறையும், வாரண்டிக்கும் வம்பு வரும். டீசல் வண்டிக்கும் இது தேவையில்லை. யாராவது ஆசை காட்டினால் 'வேண்டாம் சார்' என்று சொல்லிவிடுங்கள்.

கார்புரேட்டர் வண்டி வைத்திருப்பவர்கள் நினைவில் வைக்க வேண்டிய ஒழுங்கு இது: மழைக்கால விடியலிலும், மூடுபனியில் மலை இறங்கும்போதும் சூடான காற்று, வெயில் ஏறியதும், மலை ஏறும்போதும், பாரம் அதிகமாக இருக்கும்போதும் வெளிக்காற்று. மலை ஏறும்போது அடர்ந்த காற்றின் தேவை இரட்டிப்பாகும். ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில், கடல் மட்டத்தோடு ஒப்பிட்டால் காற்றழுத்தம் ஏற்கெனவே கால் பங்குக்கு அருகில் குறைந்திருக்கிறது. அங்கே இன்னும் சூடாக்கி லேசாக்கினால் வண்டி மூச்சு வாங்கும்.

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது எஞ்சினுக்கும் பொருந்தும். அடுத்த மழைக்காலம் தொடங்குவதற்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்கள் பழைய வண்டியின் பானட்டைத் திறந்து, காற்று வடிகட்டியின் மூக்கு எங்கே போகிறது என்று பாருங்கள். சூடான காற்றுக்கான வாய் ஒன்று காலியாக இருந்தால், அதற்குரிய குழாயை முதலில் உதிரிபாகக் கடையில் கேளுங்கள். கிடைக்காவிட்டால், மேலே சொன்னபடி செய்துகொள்ளுங்கள்.